பட்டாவா, டபள் கெப்பா?



வீட்டில் ஆள் கூடும்போது முதலில் இடம் போதாமல் போவது அடுப்படி. அடுத்தது வண்டி. அடுப்படியை இரண்டு தகரம் போட்டு நீட்டிக்கொள்ளலாம். வண்டியை நீட்ட முடியாது. வாங்கும்போதே அளவு பார்த்து வாங்க வேண்டும். கடனில் வாங்குவதென்றால் இரண்டு தரம் பார்க்க வேண்டும். "வண்டி வாங்குவது ஆம்பிளைகள் பேச்சு" என்று இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். லீசிங் பத்திரத்தில் கையொப்பம் வைக்க எங்களையும் கூப்பிடுகிறார்கள். தவணை தப்பினால் வாசலில் வந்து நிற்பவருக்குப் பதில் சொல்வதும் பெரும்பாலும் நாங்கள்தான்.

கேகாலை மாவட்டத்தில் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் எங்கள் வீடு. முன்பு ஆறு பேர் இருந்தோம். கணவரின் தங்கை தன் மகளோடு வவுனியாவிலிருந்து வந்து சேர்ந்த பிறகு எட்டுப் பேர். மூத்த மருமகளுக்கு இது ஏழாம் மாதம். ஒன்பதாவது ஆளும் வரப்போகிறது. சப்ரகமுவ தோட்டங்களிலிருந்து 1977, 1981, 1983 கலவரங்களுக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. அங்கே போர் அவர்களை மறுபடி பிடித்துக்கொண்டது. என் நாத்தனார் கட்டிக்கொண்டுபோன குடும்பமும் அப்படிப்பட்டதுதான்.

என் கணவரும் மூத்தவனும் சுற்றியுள்ள இடங்களில் வாழைக்குலை, மிளகு, பாக்கு, மரக்கறி சேர்த்து கரவனெல்லைக்கும் அவிசாவளைக்கும் கொண்டுபோய் விற்கிறார்கள். இதுவரை வாடகை வண்டிதான். சொந்த வண்டி என்ற பேச்சு வந்ததும் வீடு இரண்டாகப் பிரிந்தது. "டபள் கெப் எடுப்போம், குடும்பமும் போகலாம், சாமானும் போகலாம்" என்றான் மூத்தவன். "பட்டா போதும் அண்ணி" என்றாள் நாத்தனார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே நான் ஒரு கொப்பி வாங்கினேன்.

கொப்பியைப் பற்றிச் சொல்லுமுன் இந்த இரண்டு வண்டிகளையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டாட்டா கம்பனி 2005 இல் இந்தியாவில் 'ஏஸ்' என்ற சின்ன லொறியை விற்பனைக்கு விட்டது. தமிழ்நாட்டில் அதைக் குட்டி யானை என்கிறார்கள். இலங்கையில் டிமோ நிறுவனம் விற்றதால் அது 'டிமோ பட்டா' ஆகிவிட்டது. பட்டா என்றால் சிங்களத்தில் சின்னவன் என்ற கருத்து. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், முன்னால் இரண்டு பேருக்கு இடம், பின்னால் முக்கால் தொன் பாரம். டபள் கெப் என்பது டொயோட்டா ஹைலக்ஸ் போன்றது. சாரதியோடு ஐந்து பேருக்கு ஆசனம், பின்னால் பெட்டி. அமெரிக்காவில் இதே கேள்வியை "நடுத்தர அளவா, முழு அளவா" என்று கேட்கிறார்கள். அங்கே முழு அளவு என்பது போர்ட் எப்-150 மாதிரி, அகலம் மட்டுமே 2 மீற்றருக்கு மேல் உள்ள வண்டி. அவர்களுடைய நடுத்தர வண்டி எங்கள் டபள் கெப் அளவுதான் இருக்கும். ஆகவே பெரிது, சிறிது என்பது அவரவர் பாதையையும் பையையும் பொறுத்தது.

கொப்பியில் ஒரு மாதம் நான் எழுதியது நான்கே விசயம். இன்று எதை ஏற்றினோம், எத்தனை பேர் போனோம், எந்தப் பாதையால் போனோம், வாடகை எவ்வளவு கொடுத்தோம். மாதக் கடைசியில் பார்த்தால், சாமான் ஏற்றிய நாள் 22. ஆகக் கூடிய பாரம் 620 கிலோ. மற்ற நாட்களில் 400 கிலோவைச் சுற்றித்தான். கிளினிக் போன நாள் 3, போனது இரண்டிரண்டு பேர். குடும்பம் முழுதும் சேர்ந்து போன நாள் இரண்டே இரண்டு. ஒன்று கோயில் திருவிழா, மற்றது ஒரு மரண வீடு. இந்தக் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டுதான் நாங்கள் பேசினோம்.

முதலாவது, ஆட்கள். ஒன்பது பேருள்ள குடும்பம் டபள் கெப்பிலும் ஏறாது. ஐந்து பேர் உள்ளே இருந்தால் மீதி நான்கு பேர் எங்கே? பின்பெட்டியில்தான். பட்டா எடுத்தால் இரண்டு பேர் முன்னால், ஏழு பேர் பெட்டியில். ஆக, எதை வாங்கினாலும் குடும்பத்தில் ஒரு பங்கு பெட்டிக்குப் போகிறது. பெட்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்று முடிவெடுத்தால், எங்கள் வீட்டுக்கு இரண்டும் குடும்ப வண்டி இல்லை.

இந்த இடத்தில் வன்னியிலிருந்து வந்த சகோதரிகளோடு கொஞ்சம் பேச வேண்டும். 2008 இலும் 2009 இலும் ட்ராக்டர் பெட்டியில் பாய், பானை, கோழி, குழந்தை எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்தவர்கள் நீங்கள். அன்று அந்தப் பெட்டிதான் உயிர் காத்தது. அந்தப் பழக்கத்தில் இன்றும் பிள்ளைகளைப் பெட்டியில் ஏற்றுவது பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் சாமான் பெட்டியில் ஆசனமும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஒரு வளைவில் பிரேக் போட்டால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். எத்தனை ஆளுக்கு என்று அதில் எழுதியிருக்கிறதோ, அதற்கு மேல் ஏற்றினால் நட்டஈடு கேட்டு நிற்க முடியாது. அன்று வேறு வழி இருக்கவில்லை, இன்று இருக்கிறது. திருவிழாவுக்கு ஒரு வான் வாடகைக்குப் பேசலாம், பஸ்ஸில் போகலாம். வருடத்தில் சில நாளைக்கு வான் எடுக்கும் செலவு, பெரிய வண்டிக்கு மாதாமாதம் கூடுதலாகக் கட்டும் தவணையோடு ஒப்பிட்டால் எங்கள் கணக்கில் கால்வாசிகூட வரவில்லை.

இரண்டாவது, பாரம். இங்கேதான் மூத்தவன் வாயடைத்துப்போனான். அவன் நினைத்தது, பெரிய வண்டி என்றால் பெட்டியும் பெரிது என்று. அளவுநாடாவைக் கொடுத்து அனுப்பினேன். டபள் கெப்பில் ஆள் இருக்கும் பகுதி நீளத்தை எடுத்துக்கொள்வதால் பின்பெட்டி ஒன்றரை மீற்றர் அளவுதான். பட்டாவின் பெட்டி 2 மீற்றருக்கு மேல். வாழைக்குலை நிறையில் பெரிதில்லை, இடத்தைத்தான் அடைக்கும். எங்கள் வியாபாரத்துக்குச் சின்ன வண்டியில்தான் கூட ஏற்றலாம். ஆனால் முக்கால் தொன் என்றால் முக்கால் தொன்தான். பட்டாவில் ஒன்றரைத் தொன்னை அமுக்கி ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறக்கங்களில் அந்தப் பாரத்தோடு பிரேக் சூடேறினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, பாதை. தோட்டப் பாதைகள் வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டியவை. ஒரு லொறி போனால் எதிரே ஆள் ஒதுங்கி நிற்க வேண்டும். பட்டா திரும்புவதற்கு 4 மீற்றருக்குக் கொஞ்சம் கூடிய ஆரை போதும். ஹைலக்ஸுக்கு 6 மீற்றருக்கு மேல் வேண்டும். எங்கள் லயத்துக்கு வரும் கடைசி வளைவில் டபள் கெப் இரண்டு தரம் முன்னுக்குப் பின் எடுத்துத்தான் திரும்பும். ஆனால் பட்டாவின் குறையையும் சொல்ல வேண்டும். அதன் டயர் சின்னது, வயிறு தாழ்ந்தது. மழை நாளில் சேற்றுப் பள்ளத்தில் அது சிக்கும். நாலு சக்கரமும் இழுக்கும் டபள் கெப் ஏறிவிடும். எங்களுக்குக் கொங்கிரீட் பாதை போக மீதி 200 மீற்றர்தான் மண் பாதை. முழுவதும் மண் பாதையாக இருந்திருந்தால் என் பேச்சும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

மழை என்றதும் இன்னொன்று. 2016 மே 17 இல் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டிய களுபஹனயிலும் மலை சரிந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின் மழையிலும் மண் சரிந்து பாதைகள் துண்டிக்கப்பட்டன. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் எந்த வண்டியும் பெரிய வண்டி இல்லை. சாவியைத் தேடிக்கொண்டு நிற்காமல் பிள்ளைகளோடு நடந்து வெளியேறுங்கள்.

மருமகளின் பிரசவத்தை நினைத்து மாமி பயந்தார். "இராத்திரியில் வலி வந்தால் லொறியிலா கொண்டுபோவது?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் தோட்டத்து லொறியில் வைக்கோல் போட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகளைக் கொண்டுபோனதைப் பார்த்தவர் அவர். இப்போது 1990 இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை இப்போது நாடு முழுவதும் உண்டு. அது லயம் வரை ஏறாவிட்டால், பெரிய பாதை வரை கொண்டுபோக முன் ஆசனம் ஒன்று போதும். டபள் கெப்புக்குக் கடன்படப் பிரசவம் ஒரு காரணம் இல்லை என்று மாமிக்கு விளங்கியது.

நான்காவது, காசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல்தான் மீண்டும் திறந்தார்கள். இடையில் பாவித்த வண்டிகளின் விலையும் ஏறியது. டபள் கெப் ஒன்றின் விலையில் பல பட்டா வாங்கலாம். ஆகவே கடன் தொகையும் அதற்கேற்பப் பெருக்கும். லீசிங் போகும்போது, "வட்டி எத்தனை வீதம்" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "எதற்கு வட்டி" என்றும் கேளுங்கள். 10 இலட்சம் ரூபா கடன், 12 வீதம், 4 வருடம் என்று வைப்போம். முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போட்டால் வட்டி மட்டும் 4 இலட்சத்து 80 ஆயிரம். மாதத் தவணை 30,833 ரூபா. கட்டக் கட்டக் குறையும் மீதிக்கு மட்டும் வட்டி போட்டால் வட்டி ஏறத்தாழ 2 இலட்சத்து 64 ஆயிரம். தவணை 26,334 ரூபா. இரண்டையும் 12 வீதம் என்றுதான் சொல்வார்கள். மொத்தம் எவ்வளவு கட்டி முடிக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கம்பனி மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்றும் பாருங்கள்.

இதோடு காப்புறுதி, வருடாந்த வரிப்பத்திரம், புகைப் பரிசோதனை, டயர், எண்ணெய் மாற்றுவது எல்லாம் இருக்கின்றன. தவணைக்கு மேல் இவற்றுக்கென்று ஒரு தொகையை மாதாமாதம் ஒதுக்க முடியாவிட்டால் அந்த வண்டி உங்களுக்குப் பெரிது. 2022 இல் டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோமே, அப்போது வண்டி நின்றது. ஆனால் வண்டி நின்றாலும் வட்டி நிற்பதில்லை. குறைந்தது மூன்று மாதத் தவணை கையில் இல்லாமல் கையொப்பம் வைக்காதீர்கள்.

தனியாகக் குடும்பம் நடத்தும் சகோதரிகள் பெயர் விசயத்தில் கவனமாக இருங்கள். காசு கட்டுவது நீங்கள் என்றால் பதிவும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். லீசிங் முடியும் வரை பதிவுப் புத்தகத்தில் கம்பனிதான் முழு உரிமையாளர். கடைசித் தவணை கட்டியதும் அந்தப் பெயரை நீக்கிக்கொள்ள மறக்காதீர்கள். "உனக்கு ஓடத் தெரியாது, என் பெயரில் எடுப்போம்" என்று அண்ணன் சொன்னாலும் தம்பி சொன்னாலும், ஓடுவது வேறு, உரிமை வேறு என்று பதில் சொல்லுங்கள். முடிந்தால் ஓடவும் பழகுங்கள். என் நாத்தனார் பழகத் தொடங்கிவிட்டாள்.

நான் பட்டாவைத்தான் வாங்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் தரை சமன், தூரம் அதிகம். நெல் மூட்டை ஏற்றினால் முக்கால் தொன் எந்த மூலைக்கு? அங்கே பெரிய லொறியோ ட்ராக்டரோ சரியாக இருக்கும். நான்கு பேர் உள்ள குடும்பம், மோசமான மண் பாதை, மாதம் முழுதும் ஆளும் சாமானும் சேர்ந்தே போகிற தொழில் என்றால் டபள் கெப்புக்கும் நியாயம் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் கொப்பி. கடைக்காரரின் பேச்சோ, பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் வண்டியோ அல்ல.

நாங்கள் பாவித்த பட்டா ஒன்றைப் பார்த்து, தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டி, பேசி முடித்திருக்கிறோம். முற்பணத்தில் ஒரு பங்கு நாத்தனாரின் சீட்டுக் காசு. அதனால் பதிவு அவள் பெயரில். மூத்தவன் முகம் இரண்டு நாள் சுருங்கியிருந்தது. பிறகு அவனே பெட்டிக்குத் தார்ப்பாய் தேடப் போனான்.

வண்டி வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் நாளைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். ஒரு மாதம் எழுதிய பிறகு கடைப்பக்கம் போங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.