சாயம் போகும், கேரண்டி!

ஆங்கிலத்தில் 'ப்ளீட்' என்றால் ரத்தம் வடிவது. இது எல்லோருக்கும் தெரியும். துணி வியாபாரத்தில் அதே சொல்லுக்கு வேறொரு அர்த்தம்: சாயம் இறங்குவது. நம்மில் பலர் இதை 'ஃபேட்' என்ற சொல்லோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். "சிவப்புத் துப்பட்டா ஃபேட் ஆகி வெள்ளைச் சட்டையில ஒட்டிடுச்சு" என்று சொல்வது வகுப்பில் சகஜம். ஃபேட் ஆவது எதிலும் ஒட்டாது நண்பர்களே! முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்.

ஃபேட்: வெயிலிலும் துவைப்பிலும் நாளாக ஆக நிறம் மங்குவது. வெளுத்துப்போச்சு என்போமே, அது.

டிஸ்கலர்: இருக்கிற நிறம் கெட்டு வேறு நிறமாவது. வெள்ளைச் சட்டையின் காலர் பழுப்பேறுவது மாதிரி.

ப்ளீட்: நூலில் சரியாகப் பிடிக்காத மிச்சச் சாயம் தண்ணீரில் கரைந்து வெளியே வருவது. பக்கெட் தண்ணீரும் நிறம் மாறும், கூட ஊறுகிற துணியும் மாறும்.

தமிழில் தனித்தனிச் சொல் இருந்தும் மூன்றையும் 'சாயம் போச்சு' என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஒரு பழைய கதை சொல்கிறேன்.

1958. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் பம்பாய் வந்து கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி வாங்கினார். (பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய அதே கண்ணூர்க்காரர்தான்.) நாயர் சொல்லிவந்தபடி, இந்தத் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்று அப்போதே எச்சரித்திருக்கிறார். துணி நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை! வாஷிங் மெஷினில் போட்டவர்களின் மற்ற துணியெல்லாம் கலர் கலராக வந்தது. வழக்கு, நஷ்டஈடு என்று பேச்சு எழுந்தது. அப்புறம் விளம்பரக்காரர்கள் யோசித்துப் பிடித்த வாசகம்தான் 'நிச்சயம் ப்ளீட் ஆகும், கேரண்டி'. துவைக்கத் துவைக்கக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுசாகத் தெரியும் என்று சொல்லி விற்றார்கள். 1960களில் அங்கே கல்லூரி மாணவர்கள் விரும்பிப் போட்டார்கள். நம்மூரில் சாயம் வெளுத்தால் போலி என்று அர்த்தம். அங்கே சாயம் இறங்கினால்தான் அசல் மெட்ராஸ்!

இதை மார்க்கெட்டிங் சாமர்த்தியம் என்று பாராட்டுவார்கள். குறையை நிறையாகக் காட்டிய தந்திரம் என்று திட்டுகிறவர்களும் உண்டு. என் கட்சி வேறு. அந்த வாசகம் செய்த பெரிய காரியம், உண்மையைச் சொன்னது. முன்பும் அதே துணி, அதே சாயம்தான். சொல்லாமல் விற்றபோது புகார் வந்தது. சொல்லி விற்றபோது வாங்குகிறவன் தெரிந்தே வாங்கினான்.

நம் கடைகளுக்கு வாருங்கள். கவுண்டரில் கேட்டால் "சாயமா? போகவே போகாதுங்க" என்பார்கள். பில்லின் அடியில் பொடி எழுத்தில் 'கலர் கேரண்டி இல்லை' என்று இருக்கும். இரண்டில் எதை நம்புவது? பொருளின் தரம் பற்றித் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்று 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 'கலர் கேரண்டி இல்லை' என்பது தகவலே இல்லை, கடைக்காரர் தப்பித்துக்கொள்ள வைத்த கதவு.

இதில் அதிகம் அடிபடுவது வாடிக்கையாளர் அல்ல, நெசவாளி. ஒரு புடவை சாயம் விட்டால் கடையின் பெயர் மறந்துபோகும். 'கைத்தறின்னாலே இப்படித்தான்' என்பது மட்டும் மனதில் தங்கும். அடுத்த முறை பாலியெஸ்டர்தான். எங்கள் அயனம்பாக்கத்து மொட்டைமாடிக் கொடிகளைப் பார்த்தாலே தெரியும்.

"சாயம் இறங்கும்னு எழுதினா எவன் வாங்குவான்?" என்று கேட்கலாம். அமெரிக்காவில் வாங்கினார்களே! 'முதல் 3 தடவை சாயம் இறங்கும், தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசவும்' என்று தமிழில் ஒரு சீட்டு. அச்சடிக்க எத்தனை பைசா ஆகிவிடும்? நீங்கள் கடைசியாக வாங்கிய கைத்தறியில் அப்படி ஒரு சீட்டு இருந்ததா? இல்லையென்றால் அடுத்த முறை கடையில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, இது வெளுக்குமா, சாயம் இறங்குமா?" கேள்வி சரியாக இருந்தால் பதிலும் கொஞ்சம் சரியாக வரும் :-)