நளினம் யாருக்கு?

பெண்களுக்கு நளினமும் நன்னடக்கையும் கற்பிப்பதாகப் பலர் புறப்பட்டிருக்கிறார்கள். மெல்லப் பேசு, குனிந்து நட, எதிர்த்துக் கேளாதே என்பதுதான் பாடம். நல்ல புடவை கட்டட்டும், பவுடர் பூசட்டும். அது அவரவர் இஷ்டம். ஆனால், வாயைத் திறவாதிருப்பது எப்படி நாகரிகமாகும் என்று கேட்கிறோம்.

2021 டிசம்பரில் நமது திருவள்ளூர் ஜில்லாவில், பூந்தமல்லிக்கருகிலுள்ள ஜமீன் கொரட்டூரில் நடந்ததென்ன? ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்யும் பெண்களின் விடுதியில் கெட்ட சோற்றைத் தின்று 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போனவர்கள் பிழைத்தார்களா என்று கேட்ட தோழிகளுக்குச் சரியான பதில் இல்லை. உடனே அப்பெண்கள் திரண்டு போய், பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் பனியில் உட்கார்ந்தார்கள். நடுரோட்டில் பொம்பளைகளா என்று முகம் சுளிக்கும் கனவான்களே! கூட வேலை செய்கிறவளின் உயிருக்காக உட்கார்ந்தது மரியாதைக் குறைவா? ஓர் அறையில் முப்பது பேர் வரை தரையில் படுக்க வைத்தது மரியாதையா? உங்கள் நளினப் பாடத்தை முதலில் விடுதி நடத்துகிறவர்களுக்கல்லவா சொல்லவேண்டும்?

குனிந்தே நடந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? மறுநாளும் அதே சோறுதான். அவர்கள் உட்கார்ந்ததனால் ஆலை மூடிற்று; விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் சில தங்கள் விதிக்கு ஒத்தவையல்லவென்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரியில்தான் கதவு மறுபடி திறந்தது.