ஏடுகளுக்கும் அரை ஆயுள் உண்டு

எங்கள் திருமுடிவாக்கத்திலிருந்து சைக்கிளை மிதித்தால் சிறிது நேரத்தில் குன்றத்தூர் போய்விடலாம். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அது. 12ஆம் நூற்றாண்டில் அவர் கைப்பட எழுதிய ஏடு இப்போது எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ஏட்டிலிருந்து ஏட்டுக்கு யார் யாரோ பலமுறை பெயர்த்தெழுதி, கடைசியில் அச்சேறியதைத்தான் நாம் படிக்கிறோம்.

பழங்கால நூலகங்கள் எப்படி அழிந்தன என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். "எரித்துவிட்டார்கள்" என்று உடனே பதில் வரும். பதில் தவறில்லை, ஆனால் பாதிதான் சரி என்பேன்.

எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தாலமி மன்னர்கள் அதை வளர்த்த விதம் வேடிக்கையானது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் நூல்கள் இருந்தால் வாங்கிக்கொள்வார்களாம். படி எடுப்பார்களாம். பிறகு மூலத்தைத் தாங்களே வைத்துக்கொண்டு, படியைச் சொந்தக்காரரிடம் கொடுத்தனுப்புவார்களாம்! கேலன் என்ற மருத்துவர் இப்படி எழுதியிருக்கிறார். கி.மு. 48இல் ஜூலியஸ் சீசரின் படை வைத்த தீ நூல்களுக்கும் பரவியது என்பார்கள். ஆனால் அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே எட்டாம் தாலமி அறிஞர்களை நகரைவிட்டுத் துரத்தியிருந்தான். படிப்பவரும் படி எடுப்பவரும் குறைந்துபோன இடத்தில் பாப்பிரஸ் சுருள்கள் எத்தனை காலம் தாங்கும்? அந்த நூலகம் ஒரே இரவில் சாகவில்லை. பல தலைமுறைகளாக நலிந்து போயிற்று.

தீயே நூலைக் காப்பாற்றிய கதையும் உண்டு. கி.மு. 612இல் அசீரியரின் நினிவே நகரம் எரிந்தபோது, அசுர்பனிபால் மன்னனின் நூலகத்துக் களிமண் பலகைகள் பல வெந்து செங்கல்லாக இறுகின. துண்டுகளும் சேர்த்து 30,000க்கு மேல் இன்றும் லண்டனில் இருக்கின்றன. பனையோலைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுள் பற்றிப் படித்திருப்பீர்கள். அதை ஏடுகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஓலைச் சுவடியின் அரை ஆயுள் 150 ஆண்டு என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலுக்கு 64 சுவடிகள் இருந்தால், 150 ஆண்டில் 32, 300 ஆண்டில் 16, 450 ஆண்டில் 8 என்று குறைந்துகொண்டே வந்து, 900 ஆண்டில் ஒன்றுதான் மிஞ்சும். பகைவன் வரவில்லை, தீ வைக்கவில்லை. கரையானும் இராமபாணப் பூச்சியும் நம் ஊர் ஈரக்காற்றுமே போதும். ஆனால் 150 ஆண்டுக்கு ஒருமுறை, எஞ்சிய ஒவ்வொரு சுவடியையும் யாராவது பெயர்த்தெழுதிவிட்டால் 64 என்பது 64ஆகவே நிற்கும். ஆகவே நூலகம் என்பது நூல்களை அடுக்கி வைக்கும் இடம் மட்டுமன்று. படி எடுக்கும் இடம். இந்த வேலை நின்ற நாளிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டில் அது 19ஆம் நூற்றாண்டில் நின்றது. அச்சு பரவியதும் ஏடு எழுதுவோருக்குப் பிழைப்பு போயிற்று. அச்சேறிய நூல்கள் பிழைத்தன; அச்சேறாதவை பரணில் கிடந்தன. பழுதான ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது புண்ணியம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். பெயர்த்தெழுதிவிட்டு விட்டிருந்தால் குற்றமில்லை. பெயர்த்தெழுதுவது நின்றுவிட்டது, ஆற்றில் விடுவது மட்டும் நிற்கவில்லை.

அந்த நேரத்தில்தான் உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடினார். சீவக சிந்தாமணி 1887லும், சிலப்பதிகாரம் 1892லும், புறநானூறு 1894லும் அவர் பதிப்பாக வெளிவந்தன. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சிட்டார். இவர்கள் சற்றுத் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊகிக்க வேண்டாம்; தாமதமானவற்றைப் பாருங்கள். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. வளையாபதியிலும் குண்டலகேசியிலும் பிற நூல்களில் மேற்கோளாக வந்த சில பாடல்களே மிச்சம்.

தாமோதரம் பிள்ளையின் யாழ்ப்பாணத்தில், 1981 மே 31 இரவு பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். 97,000 நூல்கள் எரிந்தன. அது மன்னிக்க முடியாத கொடுமை. கட்டடத்தை மீண்டும் எழுப்பினார்கள். அச்சு நூல்களில் பலவற்றை வேறு ஊர்களிலிருந்து பெற முடியும். வேறு படி இல்லாத ஏட்டுச் சுவடிகளை எங்கே போய்ப் பெறுவது? தீ வைத்தவன் அழிக்க முடிந்தது எவ்வளவு என்பதை, அதற்கு முன் படி எடுக்காமல் விட்ட ஆண்டுகளும் சேர்ந்தே தீர்மானித்தன.

இப்போது எல்லாம் கணினியில் இருக்கிறதே என்பீர்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்து நூல்களுக்காகத் தொடங்கிய நூலகம் திட்டமும் செய்துவரும் வேலை பெரிது. ஆனால் கணினிக்கும் அரை ஆயுள் உண்டு. என் முதுகலை ஆய்வேட்டை ஒரு பிளாப்பியில் பத்திரமாக வைத்திருந்தேன். இருபது ஆண்டு ஆவதற்குள் அதைச் செருகும் கருவி எங்கள் வீட்டில் இல்லை. ஒரு கடையில் தேடிப் பிடித்துச் செருகியபோது படிக்க முடியவில்லை என்றது. ஓலையாவது கண்ணால் பார்த்தால் எழுத்துத் தெரியும்!

உங்கள் பாட்டி வீட்டுப் பரணில் மருத்துவ ஏடோ சோதிட ஏடோ கிடக்கலாம். கிடைத்தால் நீங்களாக எண்ணெய் தடவாதீர்கள். ஒட்டிய ஓலைகளை இழுத்துப் பிரிக்காதீர்கள். 1869இல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் சென்னையில் இருக்கிறது. பெரியவர்களிடம் சொல்லி அங்கே எழுதிக் கேளுங்கள். அதுவரை பிரிந்திருக்கும் ஓலைகளை மட்டும் வரிசை கலையாமல் இரு பக்கமும் படம் எடுத்து, இரண்டு மூன்று இடங்களில் சேமித்து வையுங்கள். ஓலையின் இடது ஓரத்தில் க, உ, ங என்று தமிழ் எண்கள் இருக்கும். அவையும் படத்தில் விழ வேண்டும். இல்லாவிட்டால் எது முன், எது பின் என்று பிறகு தெரியாது.