விக்கிரகங்கள் அல்ல, பெண்கள்!

விக்கிரகத்துக்குப் பசி கிடையாது, தூக்கம் கிடையாது. யார் மீதும் அதற்கு ஆசை உண்டாவதில்லை. எப்போது போய்ப் பார்த்தாலும் அதே முகம், அதே புன்னகை! உயிருள்ள பெண்களை மேடையில் நிறுத்தி, "நீங்களும் அப்படித்தான் இருக்க வேண்டும்" என்று கட்டளையிட்டால் எப்படி இருக்கும்? ஜப்பான் தேசத்தில் பல வருஷங்களாக இந்த விநோதம் நடந்து வருகிறது.

அங்கே கூட்டாகப் பாடி ஆடும் இளம் பெண்களுக்கு 'ஐடோரு' என்று பெயர். விக்கிரகம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத்தான் ஜப்பானியர் இப்படி உச்சரிக்கிறார்கள். 1963-ல் பிரான்ஸில் எடுக்கப்பட்ட ஒரு சினிமா, மறு வருஷம் ஜப்பானுக்கு வந்தது. அதில் சில்வி வர்தான் என்ற யுவதி பாடிய பாட்டு வெகு பிரபலமாயிற்று. அந்தப் படத்தின் ஜப்பானியப் பெயரில் இருந்த 'ஐடோரு' என்ற சொல் ஜனங்களின் வாயில் நிலைத்துவிட்டது.

ஐடோருக்கள் சங்கீதத்தில் கரை கண்டவர்களாக இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் போல இருந்தால் போதும். தட்டுத் தடுமாறி மேடை ஏறுவாள், அழுவாள், விழுந்து எழுந்து பழகுவாள், ஒருநாள் ஆயிரக்கணக்கானவர்களின் முன்னே கம்பீரமாக நிற்பாள். அவள் வளர்வதைக் கண்ணால் காண்பதுதான் ரசிகனுக்கு ஆனந்தம். இந்த ஆனந்தத்தில் தவறு ஒன்றும் இல்லை. அதற்கு விலை கொடுப்பது யார் என்பதே நமது கேள்வி.

சாதாரணப் பெண்களாக வாழ ஆசை

1973-ல் 'கேண்டீஸ்' என்ற பெயரில் மூன்று பெண்கள் பாட வந்தார்கள். புகழ் மெல்ல மெல்ல ஏறி உச்சிக்குப் போயிற்று. ஓய்வு என்பதே இல்லை. 1977 ஜூலையில் டோக்கியோவின் ஹிபியா திறந்தவெளி அரங்கில் பாடிக்கொண்டிருந்தபோது, மூவரும் திடீரென்று ஒரு செய்தியைச் சொன்னார்கள். கோஷ்டியைக் கலைக்கப் போகிறார்களாம். மறுபடியும் சாதாரணப் பெண்களாக வாழ விரும்புகிறார்களாம்!

தேசமே திகைத்துப் போயிற்று. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. "நம் பெண்களைக் கௌரவமாக வழியனுப்புவோம்" என்று திரண்டார்கள். அதுவரை எந்தப் பாட்டிலும் முதலிடம் பெறாத கேண்டீஸின் விடைபெறும் இசைத்தட்டு, விற்பனையில் முதலிடத்தைப் பிடித்தது. 1978 ஏப்ரல் 4-ந் தேதி கொராகுவென் மைதானத்தில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடி விடை கொடுத்தார்கள்.

ரசிகனின் அன்பு எத்தனை பெருந்தன்மையாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கை குலுக்க ஒரு சீட்டு

பிற்பாடு வந்தவர்கள் இந்த அன்பைக் கணக்குப் போட்டு விற்கத் தெரிந்துகொண்டார்கள். 1985-ல் 'ஒன்யாங்கோ கிளப்' என்ற கோஷ்டி டெலிவிஷனில் பிறந்தது. பள்ளிக்கூடப் பெண்கள் கூட்டமாக வந்து பாடினார்கள். 1997-ல் 'மார்னிங் முசுமே' வந்தது. ஒரு டெலிவிஷன் போட்டியில் தோற்ற ஐந்து பெண்களிடம், "ஐந்து நாளில் 50 ஆயிரம் இசைத்தட்டுகளை நீங்களே விற்றுக் காட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். நான்கே நாளில் விற்றுக் காட்டினார்கள் அந்தப் பெண்கள்!

ஒன்யாங்கோ கிளப்பின் பாடல்களை எழுதியவர் யசுஷி அகிமோத்தோ. அவரே 2005 டிசம்பரில் 'ஏ.கே.பி.48' என்ற கோஷ்டியைத் தொடங்கினார். டோக்கியோவின் அகிஹபாரா பகுதியில், ஒரு கடைக் கட்டிடத்தின் எட்டாவது மாடியில் சிறிய அரங்கம். முதல் நாள் காசு கொடுத்துப் பார்த்தவர்கள் ஏழே பேர். "நேரில் சந்திக்கக்கூடிய ஐடோரு" என்பதுதான் விளம்பரம். இசைத்தட்டு வாங்கினால், கை குலுக்க ஒரு சீட்டு கிடைக்கும். சில விநாடிகள் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசலாம். நேரம் முடிந்ததும், பக்கத்தில் நிற்கும் ஊழியர் ரசிகனை நகர்த்திவிடுவார். இன்னும் பேச வேண்டுமா? இன்னொரு இசைத்தட்டு வாங்க வேண்டியதுதான்!

இது போதாதென்று தேர்தலும் வந்தது. 2009 முதல் 2018 வரை வருஷந்தோறும், அடுத்த பாட்டில் மேடையின் நடுவே நிற்கப்போவது யார் என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். இசைத்தட்டு வாங்கினால் ஒரு வாக்கு. பத்து வாங்கினால் பத்து வாக்கு. ஒரே பாட்டைப் பெட்டி பெட்டியாக வாங்கியவர்களும் உண்டு. 2018-ல் விழுந்த வாக்குகள் 38 லட்சத்துக்கும் மேல்!

வியாபார சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் இங்கே விற்பனையானது பாட்டு மட்டுமா? "இவள் எனக்கு உரியவள்" என்ற மயக்கமும் அல்லவா கூடவே விற்பனையாயிற்று?

காதலுக்குத் தடை

மயக்கம் கலையாமல் இருக்க ஒரு விதி தேவைப்பட்டது. "ஐடோரு காதலிக்கக் கூடாது" என்பதே அந்த விதி. சில கோஷ்டிகளில் இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகிறார்கள். எழுதாத இடங்களிலும் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது.

2013 ஜனவரியில், ஏ.கே.பி.48-ன் தொடக்க காலத்திலிருந்தே பாடிவந்த ஒரு யுவதி, ஓர் இளைஞர் வீட்டில் தங்கினாள் என்று வாரப் பத்திரிகை ஒன்று படத்துடன் வெளியிட்டது. அவளுக்கு வயது 20. தலையை மொட்டையடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய மன்னிப்புக் கேட்டாள் அவள். அந்தக் காட்சி உலகம் முழுவதும் பரவியது. அவளைப் பயிற்சிப் பெண்ணாகக் கீழிறக்கினார்கள். அவள் செய்த குற்றம் என்ன? ஓர் இளம் பெண் ஓர் இளைஞரிடம் பழகினாள். அவ்வளவுதான்!

மயக்கத்துக்குக் கொடிய முகமும் உண்டு. 2018 டிசம்பரில், நீகாத்தா நகரத்துக் கோஷ்டியைச் சேர்ந்த ஒரு பெண்ணை, அவளுடைய வீட்டு வாசலிலேயே ரசிகர்கள் இருவர் தாக்கினார்கள். அடுத்த மாதம் அவளே அதை வெளியில் சொன்னாள். பிறகு மேடையேறி, "உங்களுக்குத் தொல்லை கொடுத்துவிட்டேன்" என்று மன்னிப்புக் கேட்டவளும் அவளே! அடிபட்டவள் தலைகுனிவது எந்த ஊர் நியாயம்? ஜப்பானிலேயே பலர் கொதித்தெழுந்து கேட்டார்கள். சில மாதங்களில் அவள் கோஷ்டியை விட்டு விலகினாள்.

இரண்டு தீர்ப்புகள்

காதல் தடை நியாயஸ்தலத்துக்கும் போயிற்று. 2015 செப்டம்பரில் டோக்கியோ ஜில்லா நீதிமன்றம், ரசிகர் ஒருவருடன் பழகிய 17 வயதுப் பெண், நிர்வாகத்துக்கு 6 லட்சத்து 50 ஆயிரம் யென் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நான்கு மாதம் கழித்து, 2016 ஜனவரியில், அதே நீதிமன்றத்தில் வேறொரு நீதிபதி நேர்மாறாகச் சொன்னார். யாருடன் பழகுவது என்பது, ஒருவர் தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொள்ளும் உரிமையைச் சேர்ந்தது என்று கூறி, நிர்வாகம் கேட்ட நஷ்டஈட்டை மறுத்துவிட்டார்.

நிர்வாகிகளின் வாதத்தையும் கேட்போம். "ரசிகர்கள் ஒரு கனவுக்குப் பணம் தருகிறார்கள். கனவு கலைந்தால் எங்கள் முதல் போய்விடும். பெண்கள் சம்மதித்துத்தானே கையெழுத்துப் போடுகிறார்கள்?" என்கிறார்கள்.

பதினைந்து வயதில் போடும் கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது? அது கிடக்கட்டும். உழைப்பை விற்கலாம்; குரலை விற்கலாம்; மாலை நேரத்தை விற்கலாம். உள்ளத்தை ஒப்பந்தம் போட்டு விற்க முடியுமா? ரசிகர்களையும் ஒன்று கேட்கிறோம். அவள் வளர்வதைப் பார்க்கத்தானே காசு கொடுத்தீர்கள்? தடுமாறியபோது கை தட்டினீர்கள், தேறியபோது மகிழ்ந்தீர்கள். வளர்ந்த பெண்ணுக்குக் காதல் வந்தால் மட்டும் கோபம் ஏன்? வளர்ச்சி என்பது மேடையோடு நின்றுவிடுமா?

வெங்காயத்தாள் சொல்லும் பாடம்

தடை இல்லாவிட்டால் தொழிலே படுத்துவிடும் என்பதும் சரியல்ல. அதே நீகாத்தாவில் 2003-ல் 'நெகிக்கோ' என்று ஒரு கோஷ்டி தோன்றியது. 'நெகி' என்றால், ஜப்பானியர் சமையலில் விடாமல் சேர்க்கும் நீண்ட வெங்காயத்தாள். உள்ளூர் வெங்காயத்தாளுக்கு விளம்பரம் செய்யக் கூட்டிய பெண்கள் இவர்கள்! ஒரே மாதத்துக்கு என்று தொடங்கிய கோஷ்டி, இருபது வருஷத்தையும் தாண்டிவிட்டது. மூன்று பெண்களுக்கும் கல்யாணமாகிவிட்டது. கோஷ்டி கலையவில்லை, ரசிகர்களும் ஓடிவிடவில்லை. வாழ்த்துச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குக் காத்திருந்தார்கள்.

கேண்டீஸின் ரசிகர்கள் 1978-ல் காட்டியதும் இதே மனசுதான். அவர்களுக்குச் சட்டம் போட்டு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிடித்தமான பெண்கள் சந்தோஷமாக வாழட்டும் என்று விட்டுக்கொடுத்தார்கள்.

ஆகவே, ஒப்பந்தத்தில் காதல் தடை எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். அறியாத வயதுப் பெண்களிடம் இத்தகைய கையெழுத்து வாங்குவதை ஜப்பானியச் சட்டம் தெளிவாக மறுக்க வேண்டும். தாக்கப்பட்டவள் மன்னிப்புக் கேட்கும் கொடுமை இன்னொரு முறை எந்த மேடையிலும் நடக்கக் கூடாது. பாட்டை ரசிப்போம், ஆட்டத்தை ரசிப்போம். பாட்டு முடிந்து விளக்கு அணைந்த பிறகு, அந்தப் பெண் யாருடன் பேசுகிறாள், யாரை மணக்கிறாள் என்பது அவள் விஷயம். சீட்டு வாங்கியவனுக்குச் சொந்தம் பாட்டுதான், பாடியவள் அல்ல!