ஆனை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம்! கள்ளக்குறிச்சிக்காரர் ஒரு நாளில் எதைப் பார்ப்பது?

"ஆனையும் பாக்கணும், கடலும் பாக்கணும்!"

பள்ளிக்கூடம் லீவு விட்டால் கள்ளக்குறிச்சி பக்கத்துப் பிள்ளைகள் போடும் கோரிக்கை இதுதான். அப்பா ஒருநாள் கடையை அடைக்கவேண்டும். அம்மா விடியுமுன்னே எழுந்து புளிச்சாதம் கட்டவேண்டும். மெட்ராஸ் பஸ்சைப் பிடிக்கவேண்டும்.

அந்தக் காலத்தில் இது பெரிய காரியம் இல்லை. சென்ட்ரல் ரெயில் நிலையத்தை ஒட்டியே மிருகக்காட்சி சாலை. அங்கே புலியைப் பார்த்துவிட்டு டவுன் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மெரீனா கடற்கரை. மணலில் உட்கார்ந்து சுண்டல் கொறித்துவிட்டு, ராத்திரி பஸ்சுக்கு ஊர் திரும்பலாம்.

இன்று? விலங்கு இருக்கும் இடத்தில் கடல் இல்லை. கடல் இருக்கும் இடத்தில் விலங்கு இல்லை. இடையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல்!

ஏன் இப்படி ஆயிற்று? இதனால் நஷ்டம் யாருக்கு? லாபம் யாருக்கு?

செத்த காலேஜில் பிறந்த உயிர் காலேஜ்

மெட்ராஸ் மக்கள் மிருகக்காட்சி சாலைக்கு வைத்த பெயர் "உயிர் காலேஜ்". எழும்பூர் மியூசியத்துக்கு வைத்த பெயர் "செத்த காலேஜ்".

வேடிக்கை என்னவென்றால், உயிர் காலேஜ் பிறந்ததே செத்த காலேஜில்தான்! 1855-ல் மியூசியத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்பர் என்ற டாக்டர் அதைத் தொடங்கினார். மியூசியத்தில் உயிரோடு சில விலங்குகளைக் கட்டிவைத்தபோது, அவற்றைப் பார்க்கவே கூட்டம் அலைமோதியதாம். உடனே அவர் கர்நாடக நவாப்பிடம் இருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கினார். சீக்கிரமே எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது.

மியூசியத்தில் இடம் போதவில்லை. 1860-களின் தொடக்கத்தில் விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. அதன் பரப்பு 116 ஏக்கர்.

கடற்கரையிலும் ஒரு காட்சி உண்டு. 1909-ல் மெரீனாவில் மீன் காட்சி சாலை திறந்தார்கள். இந்தியாவிலேயே முதலாவது என்று பெயர் வாங்கியது அது. அந்தப் பழைய கட்டிடம் இன்று இல்லை.

பார்க்கைத் தின்ற நகரம்

பீப்பிள்ஸ் பார்க் என்ன ஆனது? விக்டோரியா ஹால் வந்தது. மூர் மார்க்கெட் வந்தது. 1913-ல் மாநகராட்சியின் ரிப்பன் கட்டிடம் வந்தது. பிறகு நேரு ஸ்டேடியம். எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் பார்க்கில் ஒரு கடி கடித்தது. ஒருபக்கம் ரெயில் சத்தம், மறுபக்கம் பஸ் புகை, நடுவில் கூண்டுக்குள் சிங்கம்!

நகர நடுவில் மிருகம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1942 சாட்சி. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராசே பீதியில் காலியானது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் புலியும் சிங்கமும் தெருவுக்கு வந்துவிடுமே என்ற பயம். மலபார் ஸ்பெஷல் போலீசார் வரவழைக்கப்பட்டனர். சிங்கம், புலி, சிறுத்தைகள் கூண்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டன. அவை செய்த குற்றம் என்ன? தப்பி ஓட இடமில்லாத இடத்தில் அடைபட்டுக் கிடந்ததுதான்.

வண்டலூரில் புது வீடு

1979-ல் வண்டலூர் காட்டில் புது மிருகக்காட்சி சாலைக்கு வேலை தொடங்கியது. 1985 மே 30-ந் தேதி மூர் மார்க்கெட் தீயில் எரிந்தது. அடுத்து ஜூலை 24-ந் தேதி அன்றைய முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். வண்டலூர் பூங்காவைத் திறந்துவைத்தார். ஒரே கோடையில் சென்ட்ரல் பக்கத்துப் பழைய மெட்ராஸ் பாதி மறைந்துபோனது.

இன்று வண்டலூர் பூங்காவின் பரப்பு சுமார் 1,490 ஏக்கர். பழைய பார்க் முழுவதையும் சேர்த்தாலும் அதைப்போல 12 மடங்குக்கு மேல்! புலிக்கு நடக்க இடம் உண்டு. மான் கூட்டமாக மேய்கிறது. விலங்குக்கு இது லாபம். இதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை.

கள்ளக்குறிச்சிக்காரருக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. மறு மாதமே தென்மாவட்ட பஸ்கள் அங்கே நிற்கத் தொடங்கின. "கோயம்பேடு வரை வந்துக்கிட்டிருந்த பஸ்ஸ பாதியிலே இறக்கிவிட்டா எப்படி?" என்று பயணிகள் முணுமுணுத்தது உண்மை. ஆனால் மிருகக்காட்சி சாலைக்கு வருகிறவருக்கு? அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் சில நிமிடத்தில் வண்டலூர் பூங்கா வாசல்!

பர்ஸ் தாங்குமா?

சிக்கல் இதற்குப் பிறகுதான். 2023-ல் வண்டலூரில் பெரியவருக்கான கட்டணம் 115 ரூபாயில் இருந்து 200 ரூபாயாக உயர்ந்தது. புருஷன் பெண்டாட்டிக்கே 400 ரூபாய். பிள்ளைகள் டிக்கெட், பேட்டரி கார், பஸ் சார்ஜ், காப்பி பலகாரம் எல்லாம் தனி. கடை வைத்திருப்பவர் எப்படியோ சமாளிப்பார். கூலிக்காரர் என்ன செய்வார்?

கல்வராயன் மலையை நினைத்துப் பாருங்கள். வெள்ளிமலையில் இருக்கும் ஒரு பிள்ளை முதலில் கரியாலூர் வழியாக மலைப்பாதையில் இறங்கவேண்டும். கோமுகி அணையைத் தாண்டி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வரவேண்டும். அதன் பிறகுதான் மெட்ராஸ் பஸ். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதே 2019 நவம்பர் 26-ந் தேதிதான். எல்லாமே அங்கே கொஞ்சம் லேட்டாகத்தான் போய்ச் சேருகிறது.

"அப்படியானால் இங்கேயே சின்னதாக ஒரு மிருகக்காட்சி சாலை வைத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் நாலு கூண்டு, ஒரு மயில், இரண்டு மான் என்று வைத்த காலம் மலையேறிவிட்டது. 1992-ல் மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் அமைந்தபின், அதன் அங்கீகாரம் இல்லாமல் நடத்தமுடியாது. இடம், தீனி, மருத்துவர் எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்டவேண்டும். அது சரியும்கூட. சின்ன இடத்தில் அடைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பீப்பிள்ஸ் பார்க் காட்டிவிட்டதே!

கூண்டு இல்லாத காட்சி

போதாக்குறைக்கு, மலைக்கு வரும் உல்லாசப் பயணிகள் ரோட்டோரம் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் வீசுகிறார்கள். குரங்கு காட்டை மறந்து ரோட்டைக் கற்றுக்கொள்கிறது. பிறகு வண்டியில் அடிபடுகிறது. கம்பி இல்லையே தவிர, இதுவும் பழைய கூண்டு வேடிக்கைதான்!

மலைப் பிள்ளைக்குக் குரங்கு புதிதல்ல. அது பார்க்கவேண்டியது சிங்கம், நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி. அதற்கு வழி என்ன? ஆண்டுக்கு ஒருமுறை மலைப் பள்ளிக்கூடங்களில் இருந்து வண்டலூருக்குக் கட்டணம் இல்லாத ஒரு பஸ். சாயங்காலம் அதே பஸ்சில் மெரீனா. ராத்திரி ஊர். இதற்குக் கோடிக்கணக்கில் செலவு ஆகாது. உத்தரவு போடுகிறவர் மனசு வைத்தால் போதும்.

அதுவரை சொந்தச் செலவில் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: செவ்வாய்க்கிழமை வண்டலூர் பூங்காவுக்கு லீவு. மற்ற நாளில் ராத்திரி பஸ் ஏறி விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கினால், மத்தியானத்துக்குள் விலங்குகளைப் பார்த்துவிடலாம். பிறகு வண்டலூர் ஸ்டேஷனில் மின்சார ரெயில் ஏறி எழும்பூரில் இறங்கவேண்டும். அங்கிருந்து டவுன் பஸ்சில் மெரீனா.

கால் வலிக்கும். ஆனால் ஆனையும் உண்டு, கடலும் உண்டு!