சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரியுமா?

தீபாவளிக்குத் தோட்டத்திற்கு வந்திருந்த என் பழைய மாணவன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். ஜொகூரில் தொழிற்சாலை வேலை, ஈராண்டு ஆகிறது. ஈ.பி.எப்.பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டேன்.

“மாசாமாசம் பிடிக்கிறாங்க, சார்” என்றான்.

பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா என்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அவனுடைய கைப்பேசியிலேயே கணக்கைத் திறந்தோம். ஏழு மாதத்துக்குப் பணமே கட்டப்படவில்லை!

குற்றம் எனக்கும் உண்டு. அவனுக்கு விழுக்காட்டுக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். மாம்பழ வியாபாரியின் இலாபத்தைக் கேட்டேனே தவிர, ஒரு சம்பளச் சீட்டைக் காட்டினேனா?

பெற்றோர்களே, இன்றிரவே உங்கள் சீட்டைப் பிள்ளைகள் முன் விரித்து வையுங்கள். சம்பளம் 1,700 வெள்ளி என்றால் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. முதலாளி தம் கையிலிருந்து 13 விழுக்காடு, 221 வெள்ளி போட வேண்டும். ஆக மொத்தம் 408. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் ஈ.பி.எப். அலுவலகத்தில் புகார் செய்யலாம். ஆனால், சீட்டைக் கசக்கி எறிந்தவன் எதைக் காட்டிப் பேசுவான்?

அந்த ஏழு மாதத்தில் நான்கு மாதச் சீட்டுகளே பையனிடம் இருந்தன. மற்ற மூன்றையும் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறியிருக்கிறான்.