எண்ணெய்க் குழாயும் காவலூர் தொலைநோக்கியும்

சி.என்.சி. மில்லிங் மெஷின் திடீரென்று நின்றால் எல்லோரும் முதலில் கண்ட்ரோலரைத்தான் சந்தேகப்படுவார்கள். விலை அதிகமான சமாச்சாரம் அதுதானே! ஆனால் சில சமயம் கோளாறு இருப்பது கியர் பாக்ஸுக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஒரு சின்னக் குழாயில். பம்ப் தள்ளுகிற எண்ணெய், விரல் தடிமன்கூட இல்லாத செம்பு அல்லது நைலான் குழாய் வழியாகப் பல்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் போகிறது. நாள் முழுக்க அதிரும் மெஷினில், நட் போட்டு இறுக்கிய இடத்தில்தான் விரிசல் விடும். அழுத்தம் குறைந்தால் அலாரம் அடித்து மெஷின் நிற்கும். (அலாரம் இல்லாத பழைய மெஷின் என்றால் நிற்காமல் ஓடி, கியரையே தின்றுவிடும். அதற்கு நிற்பதே மேல்.)

இந்தக் குழாயைப் பட்டறை ஃபிட்டரே மாற்றலாமா, கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? பி.காம். மாணவர்களுக்கு இது பழகிய கேள்விதான். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'மேக் ஆர் பை' என்று ஒரு கணக்கு வருமே, அதன் தம்பி இது. இரண்டு பக்கமும் செலவைப் போட்டு, குறைவானதைத் தேர்ந்தெடுத்தால் முழு மார்க். அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போகிறது. அது என்ன என்று பார்க்க ஜவ்வாது மலை ஏற வேண்டும்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போனால் காவலூர். அங்கே 1968-ல் நிறுவிய முதல் தொலைநோக்கி 38 செ.மீ. விட்டம் கொண்டது. கொடைக்கானல் வானாய்வகத்தின் கொல்லைப்புறத்தில் அவர்களே செய்தது! தொலைநோக்கியும் ஒரு மெஷின்தான். பூமி சுழல்வதற்கு ஈடாக அதைத் திருப்புவது பல்சக்கரங்கள். ஒரு பல் சரியில்லை என்றால் புள்ளியாக இருக்க வேண்டிய நட்சத்திரம் படத்தில் கோடாகிவிடும்.

வேணு பாப்பு 'எல்லாவற்றையும் நாமே செய்வோம்' என்று வீம்பு பிடித்தவர் அல்ல. 1972-ல் கார்ல் ஜெய்ஸ் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அங்கே வந்தது. யுரேனஸ் வளையங்களை 1977-ல் உலகம் கண்டபோது காவலூரும் அதில் பங்கெடுத்தது அந்த ஒரு மீட்டர் கருவியால்தான். ஆனால் அடுத்த 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே கட்டுவது என்று முடிவெடுத்தார். கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து. அதைத் தேய்த்து வடிவம் கொடுத்தது பெங்களூரில். இரும்பு வேலை வால்சந்த்நகர், கட்டுப்பாட்டுக் கருவிகள் பாபா அணு ஆராய்ச்சி மையம். 1982-ல் பாப்பு இறந்துபோனார். 1986 ஜனவரியில் தொலைநோக்கி திறக்கப்பட்டு அவர் பெயரையே பெற்றது. கண்ணாடியின் அலுமினியப் பூச்சு மங்கினால் புதுப் பூச்சு போடுவதும் அந்த மலையிலேயே நடக்கும் வேலை. அதற்கான வெற்றிடக் கலம் அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டு ஆளுக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தால் எத்தனை இரவுகள் வீணாகியிருக்கும்?

விட்டுப்போன வரி இதுதான். வேலை செய்த கை கற்றுக்கொள்கிறது. அந்தப் படிப்பை எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் சொத்தாகக் காட்ட முடியாது. ஆளை அழைத்தால் பில் மட்டும் மிஞ்சும்.

அதற்காக யார் வேண்டுமானாலும் ஸ்பேனரை எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. வாரண்டி இருக்கும் மெஷினைத் தொடுவது முட்டாள்தனம். மற்றபடி வேலை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். மெயினை அணைத்துப் பூட்டி, அழுத்தத்தை இறக்கியபிறகே நட்டைக் கழற்ற வேண்டும். குழாயை ஹேக்ஸாவால் அறுத்தால் தூள் உள்ளே போகும், ட்யூப் கட்டர்தான் சரி. பழைய ஃபெரூலைத் திரும்பப் போடக்கூடாது. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கம் உண்டு. இங்கே அது ஆபத்து. பிய்ந்த துண்டு ஒன்று போய் அளவு நிப்பிளின் ஊசித்துளையை அடைத்தால், புதுக் குழாய் போட்டும் பேரிங் காய்ந்து கிடக்கும். எண்ணெய் மெஷின் தகட்டில் போட்டிருக்கும் கிரேடாகவே இருக்கட்டும். கடைசியாக, காற்று வெளியேறி எண்ணெய் மறுமுனையில் சொட்டுவதைக் கண்ணால் பார்த்தபிறகே ஸ்பிண்டிலை ஓட்ட வேண்டும். இந்த ஒரு நிமிடத்தில் அவசரப்பட்டவர்கள்தான் 'நாமே செய்தால் இப்படித்தான்' என்ற கெட்ட பெயரை வாங்கித் தந்தவர்கள்.

கையில் திறமை இருந்தும் வரைபடம் இல்லாவிட்டால் என்ன செய்வது? எந்தக் குழாய் எந்த பேரிங்குக்குப் போகிறது, எந்த நிப்பிள் என்ன அளவு என்று தெரியாமல் ஃபிட்டர் குத்துமதிப்பாகத்தான் வேலை செய்ய முடியும். மத்திய அரசு 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: விவசாயக் கருவிகள், மொபைல் உள்ளிட்ட எலெக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். மெஷின் டூல்ஸ் அதில் இல்லை. மிக்ஸி வாங்கியவரைப் பற்றி யோசித்தவர்கள், கடன் வாங்கி மில்லிங் மெஷின் போட்டவரை மறந்துவிட்டார்கள். அவர் இன்னமும் மெஷின் விற்றவரிடம்தான் வரைபடம் கேட்டு நிற்க வேண்டும்.